நங்கூரம் எடுக்குமுன் பேர் சொல்லுங்கோ

செய்தி வந்தபோது ஜெர்மனியின் ஹனோவரில் ஓர் அரசு அலுவலகத்தின் காத்திருப்பு அறையில், கையில் எண் சீட்டோடு உட்கார்ந்திருந்தேன். குடியுரிமை விண்ணப்பத்துக்காக ஐந்து மாதம் தவம் கிடந்து வாங்கிய சந்திப்பு நேரம் அது. தேவன் அழைத்தான். அலுவலகம் என்று சொல்லி வைத்துவிட நினைத்தேன், அவன் விடவில்லை. "அந்தோணி, குலம் அண்ணை போயிட்டாரடா. ஏரியடியிலதான். படகைக் கட்டிக்கொண்டு நிக்கேக்க விழுந்திட்டார். யூர்கன்தான் பக்கத்தில நிண்டவர்." ஒரு கயிற்றைக் கட்டி முடித்து இரண்டாவதைக் கையில் எடுத்திருந்தாராம். என் எண் திரையில் வந்தது. நான் எழவில்லை. அடுத்த எண் வந்தது.

குலம் அண்ணையோடு ஒரு தடவையாவது படகேறியவர்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை, பெரிய மீசை, சின்னக் குரல், யாழ்ப்பாணத்துத் தூள் போட்ட மீன்குழம்பு எல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனால் எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி அவர் இருக்கும்போதே என் ஊரில் ஒருவரிடம் விசாரித்து அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இந்த அஞ்சலியை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அவரை நான் முதலில் கேட்டேன், பிறகுதான் பார்த்தேன். ஜெர்மனிக்கு வந்த முதல் கோடை. ஹனோவருக்குப் பக்கத்தில் உள்ள ஸ்டைன்ஹூட ஏரிக்கரையில் தனியாக நடந்துகொண்டிருந்தேன். தண்ணீரில் இருந்து ஒரு சத்தம்: "எட, கயிறை விடடாப்பா!" ஒரு வெள்ளைப் பாய்மரப் படகு, அதில் மீசை வைத்த ஒரு தமிழர், எதிரே ஆறடி ஜெர்மன்காரர் ஒருவர். அந்தத் தமிழுக்கு ஜெர்மன்காரர் கயிற்றை உடனே விட்டார். அவர்தான் யூர்கன், அண்ணையோடு லிஃப்ட் வேலை பார்த்தவர். படகு கரைக்கு வந்ததும் போய் நின்றேன். "எந்த ஊர் தம்பி?" என்றார் மீசைக்காரர். தங்கச்சிமடம், ராமேஸ்வரத்துக்குப் பக்கம் என்றேன். மீன்பிடிக் குடும்பம், ஆனால் எனக்குப் படகோட்டத் தெரியாது, இங்கே டயர் ரப்பர் ஆராய்ச்சி வேலை என்றும் சொன்னேன். யார் சொன்னாலும் சிரிப்பு வரும் அந்தச் செய்திக்கு அவர் சிரிக்கவில்லை. என் ஊர்ப் பெயரை மெதுவாக ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தார். அடுத்த சனிக்கிழமை என்னையும் படகில் ஏற்றிக்கொண்டார்.

அன்றுதான் அவருடைய சட்டம் தெரிந்தது. படகில் இருப்பது நாலே பேர்: அவர், யூர்கன், தேவன், நான். ஆனாலும் கட்டவிழ்க்குமுன் ஒவ்வொருவரும் வாய் திறந்து தன் பெயரைத் தானே சொல்ல வேண்டும். தேவனுக்குப் பலசரக்குக் கடை, வாய்க்கு ஓய்வு கிடையாது. "அண்ணை, நாலு பேருக்கு இடாப்புக் கூப்பிடுறியளே, பிரம்பும் கொண்டுவந்திருக்கலாமே" என்று பள்ளிக்கூட வருகைப் பதிவை நினைத்துக் கிண்டலடிப்பான். அண்ணை ஒன்றையே திருப்பிச் சொல்வார்: "ஆக்களை எண்ணக் கூடாது, ஆக்களைக் கேக்க வேணும்." வேலையிலும் அப்படித்தானாம். லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் எத்தனை பேர் என்று கேட்கமாட்டார், கதவில் காதை வைத்து உள்ளே இருக்கும் ஒவ்வொருவரின் பெயரையும் கேட்பார் என்று யூர்கன் சொல்வார். கடைசிப் பெயர் வந்த பிறகும் கொஞ்ச நேரம் காதை எடுக்கமாட்டாராம்.

அந்தக் கொஞ்ச நேரத்தை நான் கவனித்தது கரீபியனில். மூன்று வருடத்துக்கு முன், யூர்கன் ஓய்வு பெற்றதைக் கொண்டாட நாலு பேரும் கிரெனடாத் தீவுக்குப் போனோம். பாய்மரப் படகொன்றைப் பத்து நாள் வாடகைக்கு எடுத்தோம். அண்ணையின் மனைவி வதனி அக்கா வரவில்லை. "கடலைக் கண்டாலே எனக்கு ஏலாது. நீங்கள் போயிட்டு வாங்கோ" என்று ஒரு கிலோ மிளகாய்த்தூளைக் கட்டிக் கொடுத்து அனுப்பினார். அதைச் சுங்கத்தில் விளக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

சந்தோஷமான பயணம் அது. அதைச் சொல்லாமல் விட்டால் அவருக்குச் செய்யும் துரோகம். மலையடிவாரம் முழுக்கச் சாதிக்காய் வாசனை. சந்தையில் ஈரப்பலாக்காயைக் கண்டதும் தேவன் யாழ்ப்பாணத்துக்கே வந்துவிட்டதுபோல் விலை பேசினான். தினம் ஒரு குடா, ஒரு குளியல், ஒரு குழம்பு. நான் சுக்கானைப் பிடித்து அலையோடு மல்லுக்கட்டும்போதெல்லாம் அண்ணை பின்னால் வந்து நிற்பார். "காத்தோட சண்டை பிடிக்க ஏலாது தம்பி. பாயைக் கொஞ்சம் விட்டுக் குடுங்கோ, அது தானே வரும்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் பார்வை பின்பக்கம் போகும். படகோட்டுகிறவர் முன்னால்தானே பார்க்க வேண்டும்? அவர் எந்தக் குடாவை விட்டுப் புறப்பட்டாலும் கரை மறையும்வரை திரும்பித் திரும்பிப் பார்ப்பார்.

நங்கூரம் எடுக்குமுன் நாலு பெயரும் சொல்லி முடிந்த பிறகு அவர் ஒரு கணம் அசையாமல் நிற்பார். இன்னொரு பெயரைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். காற்றைப் பார்க்கிறார் என்று முதலில் நினைத்தேன். மூன்றாம் நாள்தான் புரிந்தது. அவர் யாரோ பதில் சொல்வதற்காகக் காத்திருந்தார்.

ஏழாம் நாள் ஒரு மணல் தீவுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டோம். தீவு என்பது மரியாதைக்கு. நூறு எட்டு வைத்தால் முடிந்துபோகும் வெள்ளை மணல்திட்டு, நடுவில் நாலைந்து புதர். அண்ணை இறங்க மாட்டேன் என்றார். நாங்கள் மூவரும் ரப்பர் படகில் போய்க் குளித்தோம். யூர்கன் புதருக்கு அப்பால் கூழைக்கடாக்களைப் படம் எடுக்கப் போனார். தேவனுக்கு அப்போதுதான் குறும்பு உதித்தது. அவரை விட்டுவிட்டு நாங்கள் இருவரும் படகுக்குத் திரும்பினோம். அண்ணை முன்பக்கம் குனிந்து நங்கூரச் சங்கிலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே "பேர் சொல்லுங்கோ" என்றார். தேவன் தன் பெயரைச் சொன்னான். பிறகு தொண்டையை அடைத்துக்கொண்டு யூர்கன் குரலில் "யூர்கன்" என்றான். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பெயரைச் சொன்னேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

வழக்கமான அந்தக் கணம் கழிந்தது. நங்கூரம் ஏறியது. அண்ணை சுக்கானுக்கு வந்தார், படகு நகர்ந்தது, வழக்கம்போலத் திரும்பிப் பார்த்தார். மணலில் ஓர் உருவம் தனியாக நின்று கையை ஆட்டியது.

அவர் கத்தவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை. சுக்கானை விட்டுவிட்டு, போட்டிருந்த உடுப்போடு கடலில் குதித்தார். நான் பாய்ந்து சுக்கானைப் பிடித்தேன், தேவன் "அண்ணை, பகிடிக்கு, பகிடிக்கு!" என்று அலறினான். ஒரு வழியாக மறுபடி நங்கூரம் போட்டு ரப்பர் படகில் போனபோது, அண்ணை மணலில் மண்டியிட்டு யூர்கனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தார். யூர்கன் திகைத்துப்போய் எங்களைப் பார்த்தார். ஜெர்மனில் கேட்டார்: "இவர் என்னை 'அக்கா' என்று கூப்பிடுகிறார். அப்படியென்றால் என்ன?" தேவன் குனிந்து ரப்பர் படகை மணலில் இழுத்தான். அதன்பின் பயணம் முடியும்வரை அவன் பகிடியே விடவில்லை.

அன்று மாலை வெயில் சாயும் நேரம். மற்ற இருவரும் உள்ளே சமைத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணை என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "நீங்கள் அந்தக் கரை ஆள். உங்களுக்குச் சொல்லலாம்" என்று தொடங்கினார்.

சண்டைக் காலத்தில், பத்தொன்பது வயதில், மன்னாரில் இருந்து இந்தியாவுக்குப் படகில் தப்பி வந்தவர் அவர். பன்னிரண்டு பேர். இலங்கைப் படகுக்காரன் நடுக்கடலில் ஒரு மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். விடியும்போது இந்தியப் பக்கத்தில் இருந்து ஒரு வள்ளம் வந்தது. நேவி வந்துவிடும், சீக்கிரம் ஏறுங்கள், எல்லோரும் இருக்கிறார்களா என்று எண்ணச் சொன்னான் வள்ளக்காரன். கணக்குப் படித்த பெடியன் என்று அந்த வேலை இவரிடம் வந்தது.

"அதுக்குக் கொஞ்சம் முந்தித்தான் ஒரு அக்கா என்னட்டச் சொல்லிப்போட்டு அங்கால போனவ. பொம்பிளையள் ஒதுக்குப்புறமாத் தூரப் போவினம்தானே. 'நான் வாற வரைக்கும் வள்ளத்தை எடுக்க விடாதேங்கோ தம்பி' எண்டவ. நான் ஓம் எண்டனான். பிறகு வள்ளம் வந்த அந்தரத்தில, அவசரத்தில எல்லாம் மறந்துபோச்சு. என்னை ஒண்டு எண்டு எண்ணித் தொடங்கினன். மற்ற ஆக்களை எண்ணினன். கடைசியா நான் ஏறேக்க என்னைத் திரும்பவும் எண்ணிப்போட்டன். பன்ரண்டு சரி எண்டு சொன்னன்."

கரையில் பெயர் பதியும்போதுதான் பதினொரு பேர் என்று தெரிந்தது. வள்ளக்காரன் காலில் விழுந்திருக்கிறார். விடிந்துவிட்டது, இனிப் போக முடியாது, மற்ற ஆட்களிடம் சொல்கிறேன் என்று அவன் போய்விட்டான். சொன்னானா என்று இவருக்குத் தெரியாது. மண்டபம் அகதி முகாமில் மாதக்கணக்கில் வந்த ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்திருக்கிறார். விசாரிக்கவும் வழியில்லை. "அவவின்ர பேர் எனக்குத் தெரியாது தம்பி. நான் கேக்கேல்லை."

பிறகு என்னைப் பார்க்காமல் கடலைப் பார்த்துச் சொன்னார்: "உங்கட மாமா அந்தக் காலத்தில கடலுக்குப் போன ஆள் எண்டு சொன்னனீங்கள். ஊருக்குப் போனால் ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ. என்ன எண்டாலும் பரவாயில்லை."

"கண்டிப்பா கேக்கிறேன் அண்ணை" என்றேன்.

அதன்பின் இரண்டு தடவை ஊருக்குப் போனேன். முதல் தடவை தங்கை கல்யாணம், நேரமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இரண்டாவது தடவை மாமாவும் நானும் ஒரு மாலை முழுக்கக் கடற்கரையில் வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர் இறால் விலையைப் பற்றிப் பேசினார், நானும் இறால் விலையைப் பற்றியே பேசினேன். எனக்குப் பயம். அந்தத் திட்டில் ஓர் உடலைப் பார்த்தோம் என்று மாமா சொல்லிவிட்டால் அதை எந்த வாயால் குலம் அண்ணையிடம் சொல்வேன்? ரயிலில் பாம்பன் பாலம் தாண்டும்போது கடல் பக்கம் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

அண்ணை ஒரு நாளும் "கேட்டீங்களோ" என்று கேட்டதில்லை. நான் திரும்பி வந்த பிறகு முதல் சனிக்கிழமை, "ஊரில எல்லாரும் சுகமோ?" என்பார். சுகம் அண்ணை என்பேன். அவர் தலையாட்டிவிட்டு ஒரு கணம் அப்படியே நிற்பார். எனக்கு நன்றாகத் தெரிந்த அதே கணம். பிறகு கயிற்றை எடுப்பார்.

தேவனின் அழைப்பு வந்த அன்று, அந்த அலுவலக வாசலில் நின்றபடியே மாமாவுக்கு போன் போட்டேன். கேட்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மாமாவுக்கு வயது எண்பது நெருங்குகிறது, குரல் மட்டும் இன்னும் கடல் காற்றை மீறி வரும். "அப்பல்லாம் திட்டுல ஆளு நிக்கிதுன்னு ஒருத்தன் வந்து சொன்னா போதும், கடலுக்குப் போறவன் எவனாச்சும் ஏத்திட்டு வந்துருவான். நானே எத்தனையோ பேர ஏத்தியிருக்கேன். பேரெல்லாம் யாரு கேட்டா? பசியா இருக்கான்னுதான் கேப்போம். யாரையும் அப்புடியே விட்டுட்டு வந்ததில்லப்பா." பிறகு, "எதுக்கு இப்பப் போயி கேக்குற?" என்றார்.

ஒரு கிழவரின் ஞாபகம்தான். அந்தப் பெண்ணை ஏற்றிவந்தார்கள் என்பதற்கு அது சாட்சி ஆகாது. ஆனால் அண்ணைக்கு அது போதுமாக இருந்திருக்கும். பசியா என்று கேட்டிருப்பார்கள் என்ற அந்த ஒரு வரி போதுமாக இருந்திருக்கும்.

அவர் விருப்பப்படி சாம்பலை பால்டிக் கடலில் கரைத்தோம். பிள்ளைகள் இல்லாத வீடு. வதனி அக்கா, தேவன், யூர்கன், நான், நாலே பேர். கடலே வேண்டாம் என்றிருந்த அக்கா முதல் ஆளாகக் கப்பலில் ஏறினார். கேப்டன் எங்களை விரல் நீட்டி எண்ணி, தலையசைத்து, புறப்படக் கையைத் தூக்கினார். "பொறுங்கோ" என்றார் அக்கா. "பேர் சொல்லுங்கோ." சொன்னோம். யூர்கன் தன் பெயரைச் சொல்லும்போது குரல் உடைந்தது. கேப்டன் மறுபடி கையைத் தூக்கினார். "இன்னும் கொஞ்சம்" என்று அக்கா தடுத்தார். "இவர் எப்பவும் இன்னும் கொஞ்சம் நிப்பார். முப்பது வருசமாக் காரிலயும் அப்படித்தான். ஏன் எண்டு நான் கேட்டதில்லை."

திரும்பி வரும் வழியில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மணல்திட்டு, எண்ணிக்கை, மாமா சொன்னது, ஒன்றையும் விடவில்லை. அவர் அழாமல் கேட்டார். முடிந்த பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இதை ஏன் தம்பி அவர் இருக்கேக்கயே கேட்டுச் சொல்லேல்லை?"

 இப்போதெல்லாம் மணல் மேடு எதைக் கண்டாலும் அதில் யாராவது நிற்கிறார்களா என்று என் கண் தேடுகிறது. அவருடைய பழைய கயிறு ஒன்றை ஞாபகமாக வைத்துக்கொள் என்று யூர்கன் கொடுத்தார், வாங்கவில்லை. என்னிடம் இருப்பது வேறு. எங்கள் வீட்டில் இப்போது பெயர் சொல்லித்தான் வண்டி எடுக்கிறோம். எல்லோரும் சொல்லி முடித்த பிறகும் நான் சாவியைத் திருப்புவதில்லை. போன வாரம் என் மகள் பின்சீட்டில் இருந்து கேட்டாள்: "எல்லாரும் சொல்லியாச்சேப்பா, ஏன் இன்னும் எடுக்கல?"

இன்னும் இரண்டு பேர் சொல்லவில்லை என்றேன்.