ஸ்டார் கட்டாத வீடு

என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை கோட்டு போட்டதே இல்லை. கல்யாணத்துக்குக் கோட்டு தைத்துத் தருகிறோம் என்று என் அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். வேர்க்கும் மாமா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். செத்த பிறகுதான் கோட்டும் டையும் வந்தன. பெருங்களத்தூரில் எங்கள் தெருமுனையில் வருஷா வருஷம் டிசம்பரில் குடியிருப்போர் சங்கம் வைக்கிற ஃபிளெக்ஸில், கம்ப்யூட்டரில் ஒட்டிய கோட்டோடு நிற்கிறார். ஓரத்தில் ஒரு மெழுகுவர்த்தி, தலைக்கு மேல் ஒரு புறா. கீழே, ‘பிறர் உயிர் காக்கத் தன்னுயிர் ஈந்தவர்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும்.

வெள்ளம் வந்த அன்று எங்கள் கேட்டிலிருந்து எதிர் மாடி வீட்டு கிரில் வரைக்கும் கயிறு கட்டி, தரைத்தள வீடுகளில் இருந்தவர்களை ஒவ்வொருவராக அந்த மாடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது அவர்தான். அதில் பொய் இல்லை. அதற்காகச் சங்கம் ஒவ்வொரு வருஷமும் ஷாமியானா போட்டு, மைக் வைத்து, இரண்டு நிமிஷம் மௌனம் காத்து, எனக்கு ஒரு பொன்னாடை போர்த்துகிறது. நான் முன்வரிசையில் உட்கார்ந்து அழ வேண்டும். எழுதி வைக்காத விதி அது. ஒரு வருஷம் எனக்குச் சளி. மூக்கைத் துடைத்ததை யாரோ படம் எடுத்து, ‘ஆறாத துயரம்’ என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். நூற்றுக்கணக்கில் கும்பிடும் கைகள் வந்து விழுந்தன.

பொன்னாடைகள் ஏழு சேர்ந்தன. ஒன்றை இஸ்திரி போடுகிற மேஜைக்கு விரித்திருக்கிறேன். நன்றாக உழைக்கிறது.

எங்கள் சபைக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் கிறிஸ்மஸுக்கு ஸ்டார் கட்ட மாட்டார்கள், அச்சு முறுக்கு சுட மாட்டார்கள். கேரல் பாடி வருகிறவர்களும் அந்த வீட்டு வாசலில் டிரம் அடிக்காமல் தாண்டிப் போவார்கள். அடுத்த வருஷம் ஸ்டார் தானாகக் கூரைக்கு ஏறிவிடும். துக்கம் ஒரு வருஷம், அவ்வளவுதான். ஆனால் டிசம்பர் பிறந்தால் தெருமுனையில் என் வீட்டுக்காரர் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிறாரே, எனக்கு அந்த அடுத்த வருஷம் வரவே இல்லை. கேரல்காரர்கள் ஏழு வருஷமாக என் கேட்டருகே வந்ததும் டிரம்மை நிறுத்தினார்கள். அக்கம்பக்கத்துச் சபையார் ஏழு வருஷமாகத் தட்டில் அச்சு முறுக்கு கொண்டுவந்து, குரலைத் தாழ்த்தி, ‘சாப்பிடுங்க அக்கா’ என்றார்கள். சாப்பிட்டேன். ஒவ்வொரு கடியிலும் எரிச்சல்.

இந்த வருஷம் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் மேற்குத் தாம்பரம் கடைத்தெருவில் ஸ்டார்கள் தொங்கிக்கொண்டிருந்தன. சிவப்பு ஒன்றைக் காட்டி எடுக்கச் சொன்னேன். “வூட்டுக்கா மேடம், சர்ச்சுக்கா?” என்று கடைக்காரர் கேட்டார். “வீட்டுக்கு” என்றேன். சொன்னதும் எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது.

போர்டிகோவில் அவர் அடித்த கொக்கி துருப்பிடித்து அப்படியே இருந்தது. நாற்காலி மேல் நாற்காலி போடாமல், ஏணியை வாங்கி வந்து நானே ஏறிக் கட்டினேன். கூட்டம் நடக்கிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ஸ்விட்சைப் போட்டேன். தெருமுனையிலிருந்து எங்கள் வீடு இரண்டாவது. மேடைக்கு நேர் பின்னால் சிவப்பாக எரிந்தது.

ஐந்து நிமிஷத்தில் சங்கச் செயலாளர் வந்துவிட்டார். எதிர் மாடி வீடு அவருடையதுதான். ரிட்டயர் ஆனவர், நல்ல மனிதர். அதனால்தான் அவரோடு சண்டை போடுவது கஷ்டம்.

“மேடம், இன்னிக்கு மட்டும் அதை ஆஃப் பண்ணிடலாமே. மீட்டிங் முடிஞ்சதும் போட்டுக்கலாம்.”

“எதுக்கு சார்?”

“சாருக்கு அஞ்சலி நடக்கும்போது பின்னாடி கலர் லைட் எரிஞ்சா நல்லா இருக்குமா?”

“அந்தக் கொக்கி அவர் அடிச்சது சார். வருஷா வருஷம் அவர்தான் ஸ்டார் கட்டுவார். நீங்க அவரைத்தானே நினைக்கப் போறீங்க?”

“என் மனசுல பட்டதைச் சொன்னேன்” என்று கிளம்பினார். நான் ஸ்விட்ச் பக்கம் போகவில்லை.

கூட்டத்தில் வழக்கம்போல எல்லாம் நடந்தது. மௌனம், மெழுகுவர்த்தி, புகழ்ச்சி. வழக்கமாக மைக்கில் ‘எல்லாருக்கும் நன்றி’ என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன். இந்தத் தடவை இறங்கவில்லை.

“எல்லாரையும் மாடி ஏத்தின பிறகு அவர் உயிரோடதான் இருந்தார்” என்றேன். “மாடிப்படியில ஈரத்தோட உட்கார்ந்திருந்தார். காபி இல்லாம எனக்குத் தலை வெடிக்குதுன்னு நான்தான் சொன்னேன். காபிப்பொடி டப்பா மேல் ஷெல்ஃப்லதானே இருக்கு, நனைஞ்சிருக்காது, எடுத்துட்டு வரேன்னு போனார். எடுத்துட்டுத் திரும்பும்போது மூடி இல்லாத கால்வாய்ல கால் வெச்சு முழுகிட்டார். யார் உயிரையும் காக்கப் போகல. எனக்குக் காபி போடப் போனார். எட்டு வருஷமா நீங்க ஒருத்தரை நினைக்கிறீங்க, நான் வேற ஒருத்தரை நினைக்கிறேன். உங்க ஆளு கோட்டு போட்டிருக்கார். என் ஆளு லுங்கியைத் தூக்கிக் கட்டியிருக்கார்.”

ஃபிளெக்ஸைக் கையால் காட்டிவிட்டு மேலே பேசினேன்.

“அடுத்த வருஷம் கூட்டம் வைக்கிறதும் வைக்காததும் உங்க இஷ்டம். முன்வரிசையில எனக்கு நாற்காலி வேண்டாம். ஃபிளெக்ஸ் கட்டற கம்பு இருக்கே, அதைக் கால்வாய் ஓரமா நட்டு வைங்க. மழைத்தண்ணி நின்னா எது ரோடு, எது கால்வாய்னு தெரியட்டும். டிசம்பரை எனக்குத் திருப்பிக் கொடுங்க. நான் கிறிஸ்மஸ் கொண்டாடப் போறேன்.”

அதற்குள் பொன்னாடையோடு ஒருவர் மேடை ஏறிவிட்டார். பாவம், அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் அதை வாங்கி, செயலாளர் சாரின் தோளில் போர்த்தினேன். “கயித்தோட அந்தப் பக்கத்தைக் கடைசி வரைக்கும் பிடிச்சிருந்தது இவர்தான். உயிரோட இருக்கிறதால இவருக்கு யாரும் ஃபிளெக்ஸ் வைக்கல” என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். இப்படிச் சபை நடுவே அவரை நிறுத்தியது சரிதானா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் போர்த்தியதைத் திரும்ப எடுக்கவா முடியும்?

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். கோபம் அடங்கவில்லை. என் மேலேயும் சேர்த்துத்தான்.

ஏழு மணிக்கு மேல் டிரம் சத்தம் தெருவுக்குள் வந்தது. பக்கத்து வீட்டில் பாடி முடித்தார்கள். என் கேட்டை நெருங்கியதும் டிரம் நின்றது. பழக்கதோஷம். நான் கேட்டை அகலத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

பாட்டை நடத்துகிற தம்பி, “அக்கா, வரலாமா?” என்று தயங்கினார்.

“ஸ்டார் கட்டியிருக்கேனே, தெரியலையா?”

உள்ளே வந்தார்கள். மரியாதைக்கு மெல்லிய பாட்டு ஒன்றை ஆரம்பித்தார்கள். “அது வேணாம் தம்பி, டிரம் அடிக்கிற பாட்டாப் பாடுங்க” என்றேன். பிறகு அடித்தார்கள் பாருங்கள், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பஞ்சுத் தாடியும் முகமூடியும் வைத்த கிறிஸ்மஸ் தாத்தா என் போர்டிகோவில் குத்தாட்டம் போட்டார். நானும் கை தட்டினேன். எட்டு வருஷத்துக்குச் சேர்த்துத் தட்டினேன்.

அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போன பிறகு, கேட்டுக்கு வெளியே செயலாளர் நின்றிருந்தார். பொன்னாடையை மடித்துக் கையில் வைத்திருந்தார்.

“எனக்குத் தெரியும் மேடம்” என்றார்.

“என்ன தெரியும்?”

“காபிப்பொடி. கயித்தைப் பிடிச்சுக்கோங்க சார், அவளுக்குக் காபி இல்லாம முடியாதுன்னு சொல்லிட்டுத்தான் இறங்கினார். சிரிச்சுக்கிட்டே சொன்னார். ஊர் உங்களை ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாதுன்னுதான் ஃபிளெக்ஸ்ல அப்படி எழுதினேன். நானும் அவரைத் தடுக்கலையே மேடம்.”

எட்டு வருஷம் நான் வெறுத்த அந்த வரியை எழுதியது இவர். எனக்காக எழுதியிருக்கிறார். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. இந்தத் தடவை யாருக்காகவும் இல்லாமல் அழுதேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னாரா என்று கேட்டேன். ஆமாம் என்றார்.

“அப்புறம் எதுக்கு சார் கோட்டு போட்டுவிட்டீங்க?”

“ஃபிளெக்ஸ் கடைக்காரன் போட்டது மேடம். வேணாம்னு சொல்லியிருக்கணும்.”

“உட்காருங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். வீட்டுக்கு வருகிறவர்களுக்காகக் காபிப்பொடி எப்போதும் வைத்திருப்பேன். டிகாஷன் இறக்கிப் பாலைக் காய்ச்சி, ஒரு டம்ளர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் எடுக்கவில்லை.

“உங்களுக்கு?”

அந்த நாளுக்குப் பிறகு நான் காபி தொட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் அசிடிட்டி என்று சொல்லி வைத்திருக்கிறேன். இவர் எதிர்வீட்டிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார் போலிருக்கிறது. உள்ளே போய் இன்னொரு டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்து ஸ்டாருக்குக் கீழே உட்கார்ந்தேன். டிகாஷன் கொஞ்சம் ஜாஸ்தி. முழுதும் குடித்தேன்.