உப்புக் காணுமோ

நாங்கள் வேதக்காரர், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர்கள். பேய், ஆவி என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் நான் எழும்பிப் போய்விடுவேன், பயத்தில் இல்லை, அலுப்பில். இதை எழுதவே கூச்சமாகத்தான் இருக்கிறது. நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை.

என் மகன் பிரதீப் அப்போது வழக்கு முடியும்வரை அடைத்துவைக்கும் விளக்கமறியலில் இருந்தான். வயது பத்தொன்பது. அவன் ஓடிய மோட்டார் சைக்கிளில் பின்னுக்கு இருந்தவன் வாள் வைத்திருந்தானாம். அங்கே வீட்டுச் சாப்பாடு கொடுக்கலாம், ஆனால் கொண்டுபோகிறவர் வாசலில் காவலருக்கு முன்னால் ஒவ்வொரு கறியிலும் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டவேண்டும், நஞ்சு கிஞ்சு கலந்திருக்கக் கூடாதே. நாலுபேர் பார்க்க வாய் அசைப்பது எனக்குப் பெரிய வெட்கம்.

ஒருநாள் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று பிரதீப் சொன்னான்.

"அம்மா, எங்களோடை சுதன் எண்டு ஒரு பெடியன். நாலு நாளாச் சோறு தொடுறானில்லை, தண்ணி மட்டும்தான். ஏனெண்டும் சொல்லுறானில்லை. உப்பிடியே கிடந்தால் செத்துப்போவான்."

"அவன்ரை வீட்டுக்காரர்?"

"ஒருத்தரும் வாறேல்லை."

அடுத்தநாள் மகனின் பெட்டிக்குள் இரண்டு பிடி சோறு கூடப் போட்டுக்கொண்டு உரும்பிராயிலிருந்து பஸ் ஏறினேன். நல்ல மத்தியான வெயில். வரிசையில் எனக்குப் பின்னால் மண்ணிறச் சேலை கட்டிய மெலிந்த மனிசி ஒருத்தி, கையில் ஒரு சாப்பாட்டுப் பெட்டி.

"தங்கச்சி, இது சுதனுக்கு. எனக்கு வாயிலை வைக்கேலாது. நீங்கள் ஒருக்கால் சாப்பிட்டுக் காட்டிக் குடுப்பீங்களோ?"

விரதமாக்கும் என்று நினைத்தேன். பிறத்தியார் சாப்பாட்டுக்கு அந்த வரிசையில் ஒருவரும் வாய் கொடுக்கமாட்டார்கள், உள்ளே ஏதும் நடந்தால் பழி யாருக்கு? ஆனால் எனக்கு ஒருவரிடமும் ஏலாது என்று சொல்லத் தெரியாது, அதோடு அந்தப் பெயரையும் கேட்டுவிட்டேன். வாங்கினேன்.

சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு. வாயில் வைத்தால் ஒரு கல்லு உப்பில்லை. அந்த மனிசி கிட்ட வந்து என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றா.

"உப்புக் காணுமோ?"

"காணும் அக்கா." உப்புப் போதும் என்றது பொய்தான். ஆனால் அவவின் முகம் தெளிந்ததை நான் கண்டேன்.

"ஆரோடை அக்கா கதைக்கிறியள்?" காவலர் கேட்டார். "இண்டைக்கு ரெண்டு பெட்டியோ? நீங்களே முடிச்சுப்போடாதேங்கோ, உள்ளுக்கும் கொஞ்சம் போகட்டும்!"

வரிசையே சிரித்தது. வெட்கத்தில் தலை குனிந்தேன். நிமிர்ந்து பார்த்தால் பின்னால் ஒரு வயதான ஐயா நின்றார். அவவைக் காணவில்லை.

மறுநாள் பிரதீப் ஓடிவந்தான். "அம்மா, அவன் முழுக்கச் சாப்பிட்டவன்! அழுது அழுது சாப்பிட்டவன். தனக்குப் பிரசர் வந்த நாள்முதல் அவன்ரை அம்மா உப்புப் போடாமல்தான் சமைக்கிறவவாம். உதுக்காக நெடுகச் சண்டை பிடிக்கிறவனாம்."

"ஓமடா, நேற்று அவவைக் கண்டனான்."

அவன் கம்பிவலையைப் பிடித்தபடி என்னையே பார்த்தான். "என்னம்மா கதைக்கிறீங்கள்? அவ செத்து ஆறு நாள். செய்தி வரேக்கை எல்லாம் முடிஞ்சுதாம். நேற்றுத்தான் எங்களுக்கே சொல்லி அழுதவன்."

இப்போது இரண்டு பேரும் பிணையில் வெளியே வந்துவிட்டார்கள். சுதன் இடைக்கிடை எங்கள் வீட்டில் சாப்பிடுவான். ஒரேயொரு தடவை கேட்டான், "அன்ரி, அம்மா ஏதும் சொன்னவவோ?" நீ சாப்பிட்டால் காணுமாம் என்று சொல்லிச் சமாளித்தேன். இரண்டாவது பொய்.

நம்பினால் நம்புங்கள். இன்றைக்கும் அடுப்படியில் தனிய நின்று கறிக்கு உப்புப் பார்க்கும்போது, என் வாயை யாரோ பார்த்துக்கொண்டு நிற்பது போலிருக்கும். "காணும் அக்கா" என்று சத்தமாகச் சொன்ன பிறகுதான் எனக்கு விழுங்க முடிகிறது.