அக்கா சொன்ன கறுப்பு

மூன்று வருடங்களுக்கு முன்பு, மணமேல்குடியில் என் மருந்துக்கடையில் நடந்தது இது. கட்டுமாவடியிலிருந்து மீன் கொண்டுவந்து விற்கும் அக்கா ஒருவர் வாரம் தவறாமல் வருவார். கூடையை வெளியே இறக்கிவிட்டு, "தங்கச்சி, அந்த எரிச்சல் மாத்திரையக் குடு" என்பார். நானும் டாக்டர் சீட்டு கேட்காமல் ஓர் அட்டையை எடுத்து நீட்டுவேன். காரச் சாப்பாடு, நேரங்கெட்ட பிழைப்பு, வயிறு எரியாமல் என்ன செய்யும்? நானே முடிவு கட்டியிருந்தேன்.

ஒருநாள் அசதியாக இருக்கிறது, மூச்சு வாங்குகிறது என்றார். கண் வெளுத்திருந்தது. ரத்தக்குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தேன். அடுத்த வாரம் தயங்கித் தயங்கி, "வெளிக்கி தார் மாதிரி கறுப்பாப் போகுது தங்கச்சி" என்றார்.

"இரும்பு மாத்திரை போட்டா அப்படித்தான்க்கா போகும், பயப்படாதீங்க."

படித்தவள் அல்லவா, பதில் பட்டென்று வந்தது!

நாலாம் நாள் மீன் ஏலத்தில் மயங்கி விழுந்தார். புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் வாய்வழியே குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் புண், அதிலிருந்து ரத்தக்கசிவு. கறுப்பு அந்த ரத்தம்தான். பார்க்கப் போன என்னிடம் டாக்டர், புண்ணுக்குக் காரணம் பல வருடமாக உள்ளே குடியிருந்த ஒரு கிருமி என்றார். கவனிக்காமல் விட்டால் சிலருக்குப் புற்றுநோய் வரைக்கும் போகுமாம்.

அமிலத்துக்குள் ஒரு கிருமி எப்படி உயிரோடு இருக்கும்? வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து கல்லூரிப் புத்தகத்தை இறக்கினேன். அட, அதைச் சொல்லும் வரிக்கு அடிக்கோடே போட்டிருக்கிறேன்! தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தானே முறித்துக்கொண்டு, இரைப்பையின் வழவழப்புப் படலத்துக்குள் புகுந்துகொள்ளுமாம். பெரும்பாலும் சின்ன வயதிலேயே தொற்றிவிடுமாம். விடிய விடிய வாசிக்கலாம் போலிருந்தது. நான் கொடுத்த மாத்திரை எரிச்சலை மட்டும் அடக்கி, கிருமியை நிம்மதியாக வாழ விட்டிருக்கிறது என்று புரிந்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். அவ்வளவு வெட்கம்.

இரண்டு வாரம் கிருமிக்கான மருந்தை விடாமல் சாப்பிட்டு, பிறகு கிருமி போய்விட்டதா என்றும் சோதித்துக்கொண்டு, அக்கா தேறி வந்தார். "மன்னிச்சுருங்கக்கா, நான் அன்னைக்கே ஒங்கள ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கணும்" என்றேன்.

"அட போ தங்கச்சி! இத்தன வருசமா யாருட்டயும் காட்டலையான்னு டாக்டரு கேட்டாரு. ஏன் காட்டாம, எங்க தங்கச்சிட்ட காட்டிக்கிட்டுத்தான இருக்கேன்னு சொல்லிட்டேன்."

அவர் என்னைத் திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். ஆனால் அந்த நம்பிக்கைக்குக் கடன்பட்டவளாக, இன்றும் யார் எரிச்சல் மாத்திரை கேட்டாலும் எத்தனை நாளாக என்று கேட்ட பிறகுதான் என் கை அலமாரிக்குப் போகிறது.