சுடர்விழிக்கு வந்த மெமோ

விராலிமலை நெடுஞ்சாலையோரத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் சுடர்விழிக்குப் பதவி லேப் அசிஸ்டென்ட். அவள் செய்யும் வேலைக்குத்தான் பெயரே இல்லை. காலையில் இலுப்பூர் பஸ்ஸில் வந்து இறங்கி, மைக்ரோவேவ் லேபைத் திறந்து, முப்பது கம்ப்யூட்டரையும் போட்டுவிட்டால், அப்புறம் நாள் முழுக்க ‘அக்கா, ஓடமாட்டேங்குதுக்கா’ தான். சிமுலேஷன் சாப்ட்வேரில் இறுதியாண்டுப் பிள்ளைகள் போட்ட தப்பை ஒவ்வொன்றாகத் திருத்துவாள். படிப்பு பாலிடெக்னிக் டிப்ளமோ. வந்து பதினோரு வருஷம். அதற்குள் ஒன்பது பேராசிரியர்கள் அந்த லேபுக்குப் பொறுப்பாக வந்து போனார்கள். சாப்ட்வேரைத் திறக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். அவர்களுக்கும் திறக்க மட்டுந்தான் தெரியும்.

போன ஆடியில் துறைத் தலைவர் ஆவுடையப்பன் அவளை அறைக்கு அழைத்தார். மார்கழியில் கல்லூரியில் கருத்தரங்கு. துறை சார்பில் ஒரு கட்டுரை போயாக வேண்டும்.

“லோ-பாஸ் ஃபில்டர் ஒண்ணு டிசைன் பண்ணும்மா. மூணு வித போர்டுல. ஒன் பேரும் கட்டுரையில வரும்.”

கடைசி வாக்கியத்தை அவர் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டே சொன்னார். அவள் காதில் முதலில் விழுந்தது அதுதான்.

அந்த ஃபில்டர் என்பது ஒரு வடிகட்டி. குறைந்த அதிர்வெண் அலைகளைப் போகவிட்டு, அதிகமானவற்றைத் தடுத்து நிறுத்தும். பார்த்தால் ஒன்றுமில்லை. சர்க்யூட் போர்டின் மேல் ஒரு செம்புக்கோடு, நாலைந்து தவளைகளை வரிசையாக விழுங்கிய பாம்பு மாதிரி ஓரிடத்தில் ஒல்லி, ஓரிடத்தில் அகலம். எங்கே எத்தனை மில்லிமீட்டர் என்பதில்தான் அத்தனையும் இருக்கிறது. அந்த அளவு போர்டுக்குப் போர்டு மாறும். சாதாரணப் பச்சை போர்டில் நுழைவுக் கோடு மூன்று மில்லிமீட்டர் அகலம் என்றால், டெஃப்லான் போர்டில் கிட்டத்தட்ட ஐந்து வேண்டும். பீங்கான் தூள் கலந்த போர்டில் ஒன்றரை போதும். போர்டு மாறினால் அதில் அலை ஓடும் வேகம் மாறுகிறது. வேகம் மாறினால் அளவும் மாறியாக வேண்டும்.

மூன்று மாதம் உட்கார்ந்தாள். சாப்பாட்டு இடைவேளையில் ஒரு கையில் டப்பா, ஒரு கையில் மவுஸ். ஒரு கோட்டைக் கால் மில்லிமீட்டர் நீட்டுவாள், ஓடவிடுவாள், வரைபடம் சரிந்து விழும் இடத்தைப் பார்ப்பாள், மறுபடி குறைப்பாள். கடைசியில் மூன்று போர்டிலும் சொல்லிவைத்தாற்போல இரண்டரை கிகாஹெர்ட்ஸில் அலை நின்றது. மூன்று போர்டுக்கும் மூன்று பத்தியாக அளவுகளை அட்டவணை போட்டுக் கொடுத்தாள்.

கருத்தரங்குக்கு முந்தின நாள் காலை புத்தகம் அச்சாகி வந்தது. கட்டைப் பிரித்ததும் அவள் தேடியது ஒரே பக்கத்தை.

ஆசிரியர்கள்: ஆவுடையப்பன், பிரின்சிபால், அப்புறம் ரம்யா. ரம்யா தாளாளரின் மருமகள். சேர்ந்து இரண்டு மாதமான விரிவுரையாளர். கட்டுரையின் கடைசி வரியில் ‘ஆய்வக ஊழியர்களுக்கு நன்றி’. அந்த லேபுக்கு ஊழியர் அவள் ஒருத்திதான். ஒருத்தியைப் பன்மையாக்கி ஒளித்துவைத்திருந்தார்கள்.

பக்கத்தைப் பின்னோக்கித் திருப்பினாள். அங்கே இன்னொன்று காத்திருந்தது. அவளுடைய மூன்று பத்தி அட்டவணை ஒரே பத்தியாகியிருந்தது. மேலே தடித்த எழுத்தில் ‘மூன்று போர்டுகளுக்கும் பொதுவான அளவுகள்’.

புத்தகத்தோடு நேரே ஆவுடையப்பன் அறைக்குப் போனாள்.

“சார், டேபிள் தப்பு.”

“ஆறு பக்கத்துக்கு மேல போகக்கூடாதுன்னுட்டாங்கம்மா. ஃபில்டர் ஒண்ணு, அளவும் ஒண்ணுதானேன்னு நாந்தான் ரெண்டு பத்தியை எடுத்தேன்.”

“இந்த அளவுல அடிச்சா டெஃப்லான்ல மூணேகாலு கிகாஹெர்ட்ஸ் கிட்டப் போயிதான் சார் நிக்கும். பீங்கான்ல ஒண்ணேமுக்காலுக்கு முன்னாடியே நின்னுரும். ஆறு வயசுப் புள்ளைக்கு எடுத்த அளவுல அப்பனுக்கும் தாத்தனுக்கும் சட்டை தைச்சிருக்கீங்க.”

“யாரும்மா ஒக்காந்து டேபிளைப் படிக்கப் போறா? கிராஃப் கலரா இருக்கா, முடிஞ்சுது.”

மூன்று மாத வேலையை யாரும் படிக்கமாட்டார்கள் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். பெயர் விட்டுப்போனதைவிட அந்தச் சிரிப்புதான் அவளைச் சுட்டது. இருந்தும் கேட்டாள்.

“எம்பேரு சார்?”

“லேப் அசிஸ்டென்டை ஆத்தராப் போட்டா நாளைக்கு எலக்ட்ரீசியனும் வந்து நிப்பாரு. புரிஞ்சுக்கம்மா.”

வீட்டுக்குப் போகும் வழியில் கணவனின் பஞ்சர் கடையில் இறங்கினாள். முத்துக்குமார் தண்ணீர்த் தொட்டியில் ட்யூபை அமுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான்.

“விட்டுத்தள்ளு. பேரு போட்டவுங்களுக்குத்தானே மானம் போகும்? நான் ஒட்டுற டயருல எம்பேரா எழுதியிருக்கு?”

“இல்லதான். ஒட்டின எடத்தை ஒருத்தன் பிச்சுட்டு ரோட்டுல ஓட்டிக்கிட்டுப் போனா, பாத்துக்கிட்டு நிப்பீங்களா?”

அவன் குமிழ் வந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டான்.

மறுநாள் வாசலில் சந்தனம், கற்கண்டு, பட்டுப்புடவை மாணவிகள். சுடர்விழிக்குக் கொடுத்த இடம் அரங்கின் ஓரம், புரொஜெக்டர் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில். ரம்யா மேடையேறிக் கட்டுரையைப் படித்தாள். குரல் நடுங்கினாலும் படித்து முடித்துவிட்டாள். கைதட்டல் அடங்கும்போது முதல் வரிசையில் வெளியூர் விருந்தினர், பேராசிரியர் கௌசல்யா, புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார்.

“மூணு போர்டுலயும் நுழைவுக் கோடு மூணு மில்லிமீட்டர்னு இருக்கே, எப்புடிங்க?”

ரம்யா ஆவுடையப்பனைப் பார்த்தாள். அவர் மைக்கை வாங்கினார். “அது ஆப்டிமைஸ் பண்ணின வேல்யூ, மேடம்.”

“மூணுக்கும் ஒரே வேல்யூ வந்துச்சுன்னா, அந்த அலைக்குத் தான் ஓடுற தரையே தெரியலைன்னு அர்த்தம்.”

பின்வரிசை மாணவர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்தது சுடர்விழியின் ஃபில்டரைப் பார்த்து.

ஆவுடையப்பன் ஓரத்துக்குக் கையசைத்தார். “சுடர், அந்த ஃபைலை ஓபன் பண்ணும்மா.”

திறந்தாள். திரையில் மூன்று பாம்புகளும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. ஒன்று பருமன், ஒன்று நடுத்தரம், ஒன்று ஒல்லி. அத்தோடு உட்கார்ந்துகொள்ளலாம். அவளுக்கு இட்ட வேலை அவ்வளவுதான். அவள் எழுந்து நின்றாள்.

“மேடம், அச்சுல தப்பா வந்திருக்கு. அளவு மூணும் வேற வேறங்க.” அம்புக்குறியை ஒவ்வொரு கோட்டின் மேலும் வைத்து அகலம், நீளம், அலை நிற்கும் இடம் என்று சொல்லிக்கொண்டே போனாள். பச்சை போர்டு அலையைக் கொஞ்சம் தின்றுவிடுகிறது என்பதையும் மறைக்கவில்லை. நாலு நிமிஷம்.

“நல்லாப் பண்ணியிருக்கு. யாரு டிசைன்?” என்றார் கௌசல்யா.

“டீம் வொர்க், மேடம்,” என்றார் ஆவுடையப்பன்.

“நான் பண்ணதுங்க,” என்றாள் சுடர்விழி. “டீம்ல நான் மட்டுந்தான் இருந்தேன்.”

இந்த முறையும் பின்வரிசை சிரித்தது. அவளைப் பார்த்து அல்ல.

இரண்டு நாள் கழித்து, ஆபீஸ் உதவியாளர் அழகுமலை லேப் வாசலில் ஒரு கவரோடு வந்து நின்றார்.

“இந்தா ஆத்தா, ஒனக்குப் பத்திரிகை வந்திருக்கு. மொய் எழுதிட்டுக் கையெழுத்தையும் போடு.”

மெமோ. பிரின்சிபால் கையெழுத்து, கல்லூரி முத்திரை. நின்றபடியே படித்தாள்.

‘தாங்கள் மூன்று வகை போர்டுகளில் வடிவமைத்த வடிகட்டியைப் பற்றி, துறைத் தலைவரின் முன் அனுமதி பெறாமல் விருந்தினர் முன்னிலையில் பேசியது ஒழுங்கீனச் செயலாகும். மூன்று நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.’

சரியாகச் சொன்னதற்குத் தண்டனை. தப்பாக அச்சடித்தவருக்குப் பொன்னாடை. தாளைக் கசக்கப் போனவள் நிறுத்தினாள். முதல் வரிக்குத் திரும்பிப் போனாள். தாங்கள் வடிவமைத்த.

“என்னத்தா, சிரிக்கிற? மெமோம்மா அது,” என்றார் அழகுமலை.

“தெரியுதுண்ணே. செராக்ஸ் மெஷின் ஓடுதா?”

மூன்று பிரதி எடுத்தாள். ஒன்று வீட்டுக்கு. ஒன்று கௌசல்யா மேடத்துக்கு, விடுபட்ட மூன்று பத்தி அட்டவணையோடு. ஒன்று லேப் ரெக்கார்டில், ஃபில்டர் வரைபடத்துக்கு அடுத்த பக்கத்தில்.

மூன்று நாள் அவகாசம் அவளுக்குத் தேவைப்படவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நின்ற இடத்திலேயே விளக்கத்தை எழுதி அழகுமலையிடம் நீட்டினாள்.

‘ஐயா, வடிகட்டியை வடிவமைத்தது நான்தான் என்று மெமோவில் குறிப்பிட்டிருப்பது உண்மை. அதில் எனக்கு மறுப்பில்லை.’