திரையில் எதுவும் வரவில்லை

ஓய்வு பெற்று விவேக் நகர் வீட்டில் தனியாக இருந்தபோது, எஸ்.பி. ரோட்டில் பாகங்கள் வாங்கி ஒரு கம்ப்யூட்டரை நானே சேர்த்துப் பூட்டினேன். சி என்ற புரோகிராம் மொழியைக் கற்றுக்கொள்ள அதில் லினக்ஸையும், எழுதுவதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலரையும் ஏற்றினேன். ஐந்து வரியில் ஒரு புரோகிராம் எழுதி, கம்பைல் செய்யச் சொன்னேன். திரையில் ஒரு சொல்கூட வரவில்லை. ஏதோ கெட்டுவிட்டது என்று பயந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். இப்படி நான்கு முறை செய்தும் அதே கதைதான். கடைசியில், அமெரிக்காவில் புரோகிராமராக இருக்கும் மகனுக்குப் போன் செய்தேன்.

"எரர் ஏதாவது வந்துச்சாப்பா?"

"ஒண்ணுமே வரலைடா. அதான் பயமா இருக்கு."

அவன் சிரித்தான். "தப்பு இருந்தாத்தான்பா அது கத்தும். பேசாம இருந்தா எல்லாம் சரியா முடிஞ்சிடுச்சுன்னு அர்த்தம். என்னை மாதிரி. ரெண்டு மாசம் போன் வரலைன்னா, நான் நல்லா இருக்கேன்னு வெச்சுக்கோ."

நானும் சிரித்தேன். பிறகு என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது.

"சரிடா. ஆனா நான் பேசாம இருந்தா நீ அப்படி வெச்சுக்காதே."

"சரிப்பா" என்றான், மெதுவாக.

எத்தனையோ நாளாக இதை அவனிடம் சொல்ல நினைத்திருந்தேன். கம்ப்யூட்டரைச் சாக்காக வைத்துத்தான் சொல்ல முடிந்தது.