கல்லுக் குப்பியில் ஒரு குருவி

சண்டை ஓய்ந்து பாதை திறந்த வருடம், கப்பலில் வேலை செய்த மாமா ஜெயபுரத்துக்கு எங்களைப் பார்க்க வந்தார். எனக்கு ஒரு பென்சில் பெட்டி. அக்காவுக்குச் சீனாக் குப்பி. அன்று பிடித்த எரிச்சல் அவர் திரும்பிப் போகும்வரை எனக்கு ஆறவில்லை.

முதலில் நிம்மதியாகத்தான் இருந்தேன். மூக்குத்தூள் போட்டு வைக்கிற பழங்காலத்துக் குப்பி என்று மாமா சொன்னார். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு மூக்குத்தூள் குப்பியா என்று விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு அது கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

உள்ளங்கைக்குள் அடங்குகிற, பால் கலந்த சாம்பல் நிறக் கல். அதன் ஒரு பக்கத்தில் மண்ணிறக் குருவியொன்று தலையைச் சரித்து உட்கார்ந்திருந்தது. இறகுகளைத் தனித்தனியே விரல் நுனியால் தடவலாம். ஒட்டியதுமில்லை, பூசியதுமில்லை, எல்லாம் ஒரே கல். என் சின்னவிரல்கூட நுழையாத வாய்க்குள்ளால் உள்ளே முழுவதையும் குடைந்து எடுத்திருந்தார்கள். மாமா மூடியை இறுக்கி, கிணற்றடி வாளித் தண்ணீரில் அதை விட்டார். கல் மிதந்தது! எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

"குருவி மட்டும் எப்பிடி மாமா வேற நிறம்?" என்று அக்கா கேட்டாள்.

வழக்கம்போல வலக்கன்னத்தை மட்டும் காட்டிக்கொண்டு, இடப்பக்கம் கூந்தலை முன்னால் தொங்கவிட்டிருந்தாள். இடம்பெயர்ந்து இருந்த கொட்டிலில் செல் குண்டு விழுந்தபோது பட்ட தீக்காயம், அந்தக் கன்னத்தில் மண்ணிறத் தழும்பாகப் படர்ந்திருந்தது. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அவள் முகம் அதுதான் என்பதால் அது என் கண்ணில் படுவதேயில்லை. கூந்தலை விரித்துவிடுவது அவளுடைய ஸ்டைல் என்றே நினைத்திருந்தேன். எனக்கு மட்டும் எந்நாளும் இரட்டைப் பின்னல்.

"கல்லில கறை இருந்திருக்குப் பிள்ளை," என்றார் மாமா. "செதுக்கினவன் அதைச் சுரண்டி எறியேல்லை. அதையே குருவியாக்கிப்போட்டான். மற்றப் பக்கத்தைப் பார், ஒண்டுமில்லை. சும்மா கல்லு."

இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு எப்போது வாய்க்கும்?

"அப்ப ஊத்தைக் கல்லைத்தான் அக்காவுக்குக் குடுத்தனீங்களோ?" என்று உரக்கக் கேட்டேன்.

அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். ஒரு கல்லைச் சொன்னதற்கு இவ்வளவு அடியா என்று அழுதேன். அக்கா மட்டும் எதுவும் காதில் விழாதவள் மாதிரி, குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா புறப்படும் காலையில் படம் எடுப்பதற்காக எங்களை முற்றத்தில் நிறுத்தினார்.

"கொஞ்சம் பொறுங்கோ மாமா, வாறன்," என்று அக்கா உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கூந்தல் முழுவதையும் பின்னால் இழுத்துப் பின்னியிருந்தாள். கையில் குப்பி. மாமா கமெராவைக் கண்ணில் வைத்தவர், அழுத்தாமல் அப்படியே நின்றார்.

"எடுங்கோவன் மாமா, வெயில் சுடுது!" என்று கத்தியது நான்தான்.

பிறகு மறுபடியும் சண்டை மூண்டு நாங்கள் விட்டுவிட்டு ஓடியவற்றில் குப்பியும் போயிற்று. படம் மாமாவிடம் இருந்ததால் தப்பியது. அதில் அக்கா நேரே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், இரண்டு கன்னத்திலும் வெயில். பக்கத்தில் நான் கமெராவைப் பார்க்காமல் அவளை முறைத்துக்கொண்டிருக்கிறேன். குப்பி கிடைத்தது போதாதென்று, என்னைப் பார்த்துப் பின்னலும் போட்டுக்கொண்டு வந்துவிட்டாளே என்றுதான் எனக்கு அன்று பொறாமை.