அப்பா ஞாயித்துக்கிழம போடுவாரு, நீங்க இன்னிக்கே போட்டுடுங்க

படூர்ல எங்க எதிர் ஃப்ளாட்காரர் இன்னிக்குக் காலையில ஒரு பேப்பரும் பேனாவுமா வந்து நின்னாரு.

"மேடம், எங்கப்பாவோட உயில், வீட்ட என் பேருக்கு எழுதறாரு. சாட்சின்னு இருக்கற எடத்துல ஒரு கையெழுத்து."

பாத்தா, அப்பா போட வேண்டிய எடமே காலியா இருக்கு!

"அவரு அச்சரப்பாக்கத்துல கீறாரு, ஞாயித்துக்கிழம போடுவாரு. மூணாவது மாடி சார் ஒண்ணும் கேக்காம போட்டுட்டாரு பாருங்க."

நடக்காத ஒண்ணுக்கு நான் சாட்சியாம்.

"சார், அவர் போடறத நான் பாக்கணும். இல்ல, 'நான்தான் போட்டேன்'னு அவரே எங்கிட்ட சொல்லணும். அப்புறம் அவர் முன்னாடிதான் நான் போடணும். ரெண்டு சாட்சிக்கும் இதுதான், இல்லன்னா உயில் செல்லாது. உங்க தங்கச்சி கேஸ் போட்டா கோர்ட்டுல நான் என்னத்த சொல்றது?"

"என் கூரியருக்கு மட்டும் போடறீங்கல்ல? அதே மாதிரிதான் மேடம்!"

எனக்கு வந்துச்சே கோவம்!

ஒரு சட்டை பார்சலுக்கே ஓடிபி சொன்னாத்தான் கையில தர்றாங்க. உயிரோட இருக்கற மனுஷனோட வீட்டுக்கு, எதிர்வீட்டுக்காரி கையெழுத்து போதுமாம்.

இப்படி சாட்சி போட்டவங்க இங்க எத்தன பேரு? கமெண்ட்ல கை தூக்குங்க. கையெழுத்து வேணாம்.